ரவுட்டருக்கும் கேமராவுக்கும் காலாவதித் தேதி வேண்டும்

வீட்டு வாசலில் மாட்டியிருக்கும் கண்காணிப்பு கேமராவுக்குள் ஒரு கணினி இருக்கிறது. இணைய இணைப்பைப் பிரித்துத் தரும் வைஃபை ரவுட்டருக்குள்ளும் இருக்கிறது. ஸ்மார்ட் டிவி, டிவியோடு இணைக்கும் ஆண்ட்ராய்டு பெட்டி, புதிதாகப் பொருத்தப்படும் ஸ்மார்ட் மின் மீட்டர், தோட்டத்து மோட்டாரைக் கைபேசியிலிருந்தே ஓட்டவும் நிறுத்தவும் உதவும் ஸ்டார்ட்டர், கார், இதய நோயாளியின் உடலுக்குள் வைக்கப்படும் பேஸ்மேக்கர் என்று பட்டியல் நீள்கிறது. திரையும் விசைப்பலகையும் இல்லாததால் இவற்றை நாம் கணினி என்று நினைப்பதில்லை. ஆனால் ஒவ்வொன்றிலும் ஒரு சிப்பும், அதில் ஓடும் மென்பொருளும், வெளியுலகோடு பேச ஒரு தொடர்பும் இருக்கின்றன. மின்விசிறியில் பழுது வந்தால் அது நின்றுவிடும், வாங்கியவருக்குத் தெரிந்துவிடும், உத்தரவாதக் காலத்துக்குள் என்றால் கடைக்கே கொண்டுபோகலாம். மென்பொருளில் உள்ள ஓட்டை அப்படிப்பட்டதல்ல. தொழிற்சாலையை விட்டு வெளியேறிய நாளிலிருந்தே அது உள்ளே இருக்கும். நான்கைந்து ஆண்டுகள் கழித்து உலகின் ஏதோ ஒரு மூலையில் யாரோ ஒருவர் அதைக் கண்டுபிடிப்பார். அன்றைக்கு அதே மாடலைச் சேர்ந்த லட்சக்கணக்கான கருவிகள் ஒரே நேரத்தில் பாதுகாப்பை இழக்கும். ஆனால் கருவி வழக்கம்போல ஓடிக்கொண்டிருக்கும். இணையத்தோடு பேசும் கருவியின் மென்பொருள் வேலை விற்பனையோடு முடிவதில்லை. கருவி பயன்பாட்டில் இருக்கும்வரை தொடர்கிறது. இந்த உண்மையைச் சட்டம் ஏற்க வேண்டும். எந்த நாள்வரை மென்பொருளைச் சரிசெய்து தருவார் என்பதைத் தயாரிப்பாளர் பெட்டியின் மேலேயே தேதியாக அச்சிட வேண்டும். அந்த நாள்வரை சரிசெய்து தருவது அவரது சட்டக் கடமையாக வேண்டும். காலாவதித் தேதி இல்லாத மருந்தை விற்க அனுமதிக்காத நாடு, இணையக் கருவியைத் தேதி இல்லாமல் விற்க அனுமதிப்பதில் நியாயம் இல்லை.

இது வீண் அச்சம் அல்ல என்பதற்கு 2016ஆம் ஆண்டு சாட்சி. அந்த ஆண்டு அக்டோபர் 21 அன்று டைன் என்ற அமெரிக்க நிறுவனத்தின் சர்வர்கள் மீது பெரிய தாக்குதல் நடந்தது. நாம் தட்டும் இணையதளப் பெயரை எண் முகவரியாக மாற்றித் தரும் சேவையை அந்நிறுவனம் நடத்திவந்தது. அது திணறியதும் ட்விட்டர், நெட்ஃப்ளிக்ஸ், ரெடிட், ஸ்பாட்டிஃபை போன்ற தளங்கள் அமெரிக்காவிலும் ஐரோப்பாவிலும் பலருக்குக் கிடைக்காமல் போயின. தாக்குதலுக்குப் பயன்பட்டவை பெரிய கணினிகள் அல்ல. வீடுகளிலும் கடைகளிலும் இருந்த கேமராக்கள், காட்சிகளைப் பதியும் டிவிஆர் பெட்டிகள், ரவுட்டர்கள். மிராய் என்ற தீநிரல் இணையத்தைத் துழாவி, தொழிற்சாலையிலேயே வைத்து அனுப்பப்பட்ட சுமார் 60 பயனர்பெயர், கடவுச்சொல் ஜோடிகளை ஒவ்வொன்றாகப் போட்டுப் பார்த்தது. திறந்துகொண்ட கருவிகளுக்குள் புகுந்து அவற்றைத் தன் ஏவலுக்குப் பணிய வைத்தது. உச்சத்தில் சுமார் 6 லட்சம் கருவிகள் அதன் பிடியில் இருந்தன. இந்தத் தீநிரலை எழுதியது எந்த நாட்டின் உளவுத் துறையும் அல்ல. மூன்று அமெரிக்க இளைஞர்கள். 2017 டிசம்பரில் நீதிமன்றத்தில் குற்றத்தை ஒப்புக்கொண்டார்கள். டைன் தாக்குதலுக்கு முன்பே அந்த நிரல் இணையத்தில் வெளியிடப்பட்டுவிட்டதால், எடுத்தவரெல்லாம் அதைத் திருத்திப் பயன்படுத்தினார்கள். 2016 நவம்பரில் அதன் இன்னொரு வடிவம் ஜெர்மனியில் டாய்ச்ச டெலிகாம் வாடிக்கையாளர்கள் சுமார் 9 லட்சம் பேரின் இணைப்பைக் கெடுத்தது. முதல் மிராய்க்குத் தேவைப்பட்டது அபாரமான அறிவு அல்ல, சுமார் 60 கடவுச்சொற்களின் பட்டியல்தான்.

வாங்கியவர் கடவுச்சொல்லை மாற்றியிருக்க வேண்டாமா, தயாரிப்பாளரை ஏன் குறைசொல்ல வேண்டும் என்பது முதலில் எழும் எதிர்வாதம். கடவுச்சொல்லை மாற்றுவது நல்ல பழக்கம்தான். ஆனால் மிராய் பிடித்த டிவிஆர், கேமரா வகைகள் சிலவற்றில் வாங்கியவர் தன் திரையில் கடவுச்சொல்லை மாற்றினாலும் பயன் இருக்கவில்லை. கருவியின் அடியில் இருந்த டெல்நெட் என்ற பழைய வாசலுக்கான கடவுச்சொல், உள்ளே பதிந்து வரும் மென்பொருளான ஃபர்ம்வேரிலேயே பதிக்கப்பட்டிருந்தது. அதை மாற்ற வாங்கியவருக்கு வழியே தரப்படவில்லை. கருவியை அணைத்துப் போட்டால் மிராய் நினைவகத்திலிருந்து அழிந்துவிடும். ஆனால் ஓட்டை அப்படியே இருப்பதால் சில நிமிடங்களில் மறுபடி தொற்றிக்கொள்ளும். இன்னும் அண்மைய சான்றும் உண்டு. மலிவு விலை ஆண்ட்ராய்டு டிவி பெட்டிகள், புரொஜெக்டர்கள், டிஜிட்டல் புகைப்படச் சட்டங்கள் ஆகியவற்றில் பரவியிருக்கும் பேட்பாக்ஸ் 2.0 பற்றி அமெரிக்காவின் எஃப்.பி.ஐ. 2025 ஜூனில் பொது எச்சரிக்கை வெளியிட்டது. இவற்றில் பல கருவிகள் வாங்குவதற்கு முன்பே தீநிரல் ஏற்றப்பட்டு வந்தவை. பெட்டியைப் பிரிக்கும் முன்பே களவு போயிருக்கும் கருவியை எந்த வாடிக்கையாளர் எப்படிக் காப்பாற்றுவார்? கருவியின் உட்பகுதியைப் பார்க்கவோ திருத்தவோ வாங்கியவருக்கு அதிகாரம் இல்லை. அதிகாரம் முழுவதும் ஒருவரிடமும் பொறுப்பு முழுவதும் இன்னொருவரிடமும் இருப்பது அநீதி.

சந்தையே இதைச் சரிசெய்யும், மோசமான கருவிகளை மக்கள் வாங்காமல் விட்டுவிடுவார்கள் என்பது அடுத்த வாதம். இங்கே அது பொருந்தாததற்குத் தெளிவான காரணம் இருக்கிறது. கேமரா பிறரைத் தாக்கப் பயன்படும்போது அதன் உரிமையாளருக்கு எந்த இழப்பும் தெரிவதில்லை. படம் வந்துகொண்டே இருக்கும். இழப்பு எங்கோ இருக்கும் மருத்துவமனைக்கோ வங்கிக்கோ இணையதளத்துக்கோ போகிறது. விற்றவருக்கும் நட்டமில்லை, வாங்கியவருக்கும் நட்டமில்லை என்றால், நல்ல கருவிக்கு நூறு ரூபாய் கூடுதலாகக் கொடுக்க யாருக்கும் தூண்டுதல் இல்லை. நம் 2019ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் குறைபாடுள்ள பொருளுக்குத் தயாரிப்பாளரைப் பொறுப்பாக்குகிறது. ஆனால் தனக்கு நேர்ந்த தீங்கைக் காட்டித்தான் ஒருவர் இழப்பீடு கேட்க முடியும். தீங்கு நடந்ததே தெரியாதவர் எதைக் கொண்டு வழக்காடுவார்? மேலும், கடையில் ஒரே விலையில் இரண்டு ரவுட்டர்கள் இருக்கின்றன என்று வைத்துக்கொள்வோம். ஒன்றுக்கு ஏழு ஆண்டுகள் மென்பொருள் திருத்தம் வரும், மற்றொன்றுக்கு ஒருமுறைகூட வராது. இந்த வேறுபாடு பெட்டியில் எங்கேயும் எழுதப்பட்டிருப்பதில்லை. தெரிந்து தேர்ந்தெடுக்க வழியில்லாத இடத்தில் போட்டி தரத்தை உயர்த்தாது, விலையைத்தான் தாழ்த்தும். தேதியை அச்சிடச் சொல்வது சந்தையைக் கட்டிப்போடுவது ஆகாது. சந்தை வேலை செய்யத் தேவையான தகவலையே அது தருகிறது.

தயாரிப்பாளர்கள் எல்லோரும் தீய எண்ணத்தோடு இதைச் செய்கிறார்கள் என்று சொல்லவில்லை. இந்தத் தொழில் அமைந்திருக்கும் விதம் அப்படி. சிப்பை ஒரு நிறுவனம் தயாரிக்கிறது. அதோடு ஒரு லினக்ஸ் பதிப்பையும் சில இயக்கி நிரல்களையும் கொடுக்கிறது. இன்னொரு நிறுவனம் அந்தச் சிப்பை வைத்துச் சுற்றுப்பலகை செய்கிறது. மூன்றாவது நிறுவனம் அதை மொத்தமாக வாங்கித் தன் பெயரை ஒட்டுகிறது. இறக்குமதியாளர் கொண்டுவருகிறார், கடைக்காரர் விற்கிறார். ஓட்டை தெரியவரும் நாளில் ஒவ்வொருவரும் அடுத்தவரைக் காட்டுகிறார்கள். மென்பொருளை எழுதிய குழு அடுத்த மாடலுக்குப் போயிருக்கும்; பழைய நிரலை மறுபடி உருவாக்கத் தேவையான கருவித்தொகுப்பும் சோதிக்க ஒரு பலகையும்கூட யாரிடமும் மிஞ்சியிருக்காது. 2020 ஜூனில் இஸ்ரேலைச் சேர்ந்த ஜேசாஃப் என்ற ஆய்வுக் குழு வெளியிட்ட ரிப்பிள்20 விவரங்கள் இந்தச் சங்கிலியின் நீளத்தைக் காட்டின. அமெரிக்காவின் ட்ரெக் என்ற சிறிய நிறுவனம் பல ஆண்டுகளுக்கு முன் எழுதிய இணையத் தொடர்பு நிரல் நூலகத்தில் 19 ஓட்டைகள் இருந்தன. அந்த நூலகம் கைமாறிக் கைமாறி அச்சுப்பொறி, தொழிற்சாலைக் கட்டுப்பாட்டுக் கருவி, மருத்துவமனையில் மருந்து ஏற்றும் பம்ப் எனக் கோடிக்கணக்கான கருவிகளுக்குள் போயிருந்தது. யாருடைய கருவிகளில் அது இருக்கிறது என்று தேடிக் கண்டுபிடிக்கவே ஆய்வாளர்கள் மாதக்கணக்கில் உழைக்க வேண்டியிருந்தது. தாம் விற்கும் பொருளில் அந்த நூலகம் இருப்பது பல நிறுவனங்களுக்கே தெரியவில்லை. சமையல் எண்ணெய் புட்டியில் உள்ளடக்கம் எழுதியிருக்கிறது. மென்பொருளின் உட்கூறுகள் என்னென்ன என்ற பட்டியல் அதைவிட அவசியமானது.

தாக்குதல் எதுவும் இல்லாவிட்டாலும் மென்பொருளுக்கு மூப்பு உண்டு. இணையத்தில் பாதுகாப்பான தொடர்பை உறுதிசெய்வது மின்னணுச் சான்றிதழ்கள்; அவற்றுக்கு முடிவு நாள் உண்டு. கோடிக்கணக்கான இணையதளங்களுக்கு இலவசச் சான்றிதழ் வழங்கும் லெட்ஸ் என்க்ரிப்ட் அமைப்பு சார்ந்திருந்த ஒரு மூலச் சான்றிதழ் 2021 செப்டம்பர் 30 அன்று முடிவடைந்தது. மென்பொருள் திருத்தம் பெறாத பழைய கருவிகள் பல அன்றிலிருந்து தளங்களோடு தொடர்புகொள்ள முடியாமல் தடுமாறின. அவற்றின் வன்பொருளில் எந்தப் பழுதும் இல்லை. திருத்தம் தர ஆள் இல்லாததால்தான் நல்ல பொருள்கள் குப்பைக்குப் போகின்றன. மென்பொருள் பராமரிப்பு, மின்னணுக் கழிவைக் குறைக்கும் வேலையும்கூட.

தொலைவிலிருந்து இத்தனை கருவிகளைத் திருத்துவது நடக்கிற காரியமா என்று கேட்பவர்களுக்கு விண்வெளி ஆய்வு பதில் சொல்கிறது. 1997 ஜூலை 4 அன்று செவ்வாயில் இறங்கிய நாசாவின் பாத்ஃபைண்டர் விண்கலத்தின் கணினி, இறங்கிய சில நாள்களில் தானாகவே மறுதொடக்கம் ஆகத் தொடங்கியது. முன்னுரிமை குறைந்த ஒரு பணி, முன்னுரிமை கூடிய பணிக்குத் தேவையான வளத்தைப் பிடித்து வைத்திருந்ததே காரணம் என்று பொறியாளர்கள் பூமியில் இருந்த மாதிரியில் சோதித்துக் கண்டார்கள். சுமார் 19 கோடி கிலோமீட்டர் தொலைவில் இருந்த கணினிக்கு ஒரு சிறிய திருத்தத்தை அனுப்பிச் சரிசெய்தார்கள். 1977இல் ஏவப்பட்ட வாயேஜர் 1 கலம் 2023 நவம்பரிலிருந்து பொருளற்ற தரவுகளை அனுப்பியது. நினைவகச் சிப் ஒன்று பழுதாகியிருந்தது. அங்கிருந்த நிரலைத் துண்டுகளாக்கி வேறு இடங்களுக்கு மாற்றி, 2024 ஏப்ரலில் கலத்தை மீண்டும் பேச வைத்தார்கள். அப்போது அது 2,400 கோடி கிலோமீட்டருக்கு அப்பால் இருந்தது. ஒரு கட்டளை போய்ச் சேரவே 22 மணி நேரத்துக்கு மேல் ஆனது. வீட்டு ரவுட்டருக்கு நாசாவின் செலவு தேவையில்லை. ஆனால் இரண்டு கலங்களையும் காப்பாற்றியது ஒரே அடிப்படை: பிறகு திருத்த வேண்டியிருக்கும் என்று ஏற்றுக்கொண்டு, அதற்கான வழியை வடிவமைக்கும்போதே வைத்திருந்தார்கள்; திருத்தத் தெரிந்தவர்களைப் பேணினார்கள். தரையில் ஓடும் கருவிகளுக்கும் அந்த வழிமுறைகள் தயாராகவே இருக்கின்றன. நினைவகத்தில் இரண்டு பகுதிகள் வைத்து, ஒன்றில் பழைய மென்பொருள் ஓடும்போதே மற்றதில் புதியதை ஏற்றலாம். புதியது சரியாகத் தொடங்காவிட்டால் கருவி தானே பழையதற்குத் திரும்பிவிடும். தயாரிப்பாளரின் மின்னணுக் கையொப்பம் இல்லாத மென்பொருளைக் கருவி ஏற்க மறுக்கும். சிறிய கருவிகளுக்கான இந்த ஏற்பாட்டை இணையத் தரங்களை வகுக்கும் ஐஇடிஎஃப் அமைப்பு 2021இல் ஆர்எஃப்சி 9019 என்ற ஆவணமாகவே வெளியிட்டிருக்கிறது.

செலவு பற்றிய எதிர்வாதம்தான் மிகக் கனமானது. அதற்கு நேர்மையாகப் பதில் சொல்ல வேண்டும். கூடுதல் நினைவகம், திருத்தங்களை அனுப்பும் சர்வர், பல ஆண்டுகளுக்குப் பொறியாளர் சம்பளம் எல்லாமே பணம்தான். பெரிய பன்னாட்டு நிறுவனம் தாங்கிக்கொள்ளும். கோவையில் மோட்டார் ஸ்டார்ட்டர் செய்யும் சிறு தொழிலகம் எப்படித் தாங்கும் என்ற கேள்வி நியாயமானது. ஆனால் அந்தச் செலவு இப்போது இல்லாமல் இல்லை. தயாரிப்பாளர் கட்டாத அந்தப் பணத்தை, தாக்குதலுக்கு உள்ளாகும் யாரோ ஒருவர் பல மடங்காகக் கட்டுகிறார். சட்டம் புதிய செலவை உண்டாக்கவில்லை. அதை உரியவர் கணக்கில் எழுதுகிறது. அடுத்து, ஒவ்வொரு தொழிலகமும் எல்லாவற்றையும் முதலிலிருந்து எழுத வேண்டியதில்லை. ரிச்சர்டு பாரி 2003இல் தொடங்கிய ஃப்ரீஆர்டாஸ், லினக்ஸ் அறக்கட்டளையின் கீழ் 2016இல் தொடங்கிய ஸெஃபிர் ஆகிய சிறு கருவி இயங்குதளங்கள் இலவசமாகக் கிடைக்கின்றன. கையொப்பம் சரிபார்த்துத் தொடங்கும் எம்சியூபூட் இலவசம். பத்தாண்டுக்கு மேல் ஓட வேண்டிய தொழில்துறைக் கருவிகளுக்காக லினக்ஸைப் பராமரிக்க, சிவில் இன்ஃப்ராஸ்ட்ரக்சர் பிளாட்ஃபார்ம் என்ற கூட்டுத் திட்டத்தில் போட்டி நிறுவனங்களே சேர்ந்து செலவைப் பகிர்ந்துகொள்கின்றன. நம் சிறு தொழிலகங்களுக்கும் அப்படி ஒரு பொது ஏற்பாடு வேண்டும். திருத்தம் அனுப்பும் சர்வரையும் சோதனைக் கூடத்தையும் தொழில் சங்கங்களும் அரசும் சேர்ந்து நடத்தினால், தனித்தனியாகத் தாங்க முடியாத சுமை பகிர்ந்து தாங்கக்கூடியதாகிவிடும். தேதி நீளமாக இருக்க வேண்டும் என்றுகூட எல்லோரையும் ஒரே அளவில் கட்டாயப்படுத்த வேண்டியதில்லை. குறைந்தபட்சக் காலத்தைக் கருவியின் இயல்புக்கு ஏற்ப வகுக்கலாம். ஆனால் தேதியே இல்லாமல் விற்பதற்குச் சிறியவர், பெரியவர் என்ற வேறுபாடு காரணமாகாது.

புதுப்பிப்பே ஆபத்தாக முடிவதும் உண்டு என்பது உண்மை. 2017 ஆகஸ்டில் லாக்ஸ்டேட் என்ற அமெரிக்க நிறுவனம் தன் ஸ்மார்ட் பூட்டுகளுக்கு அனுப்பிய திருத்தம் தவறான மாடலுக்குப் போய்ச் சேர்ந்ததால் சுமார் 500 பூட்டுகள் செயலிழந்தன. ஆனால் இதிலிருந்து திருத்தமே வேண்டாம் என்ற முடிவுக்கு வர முடியாது. மேலே சொன்ன இரட்டைப் பகுதி முறையும், முதலில் சில கருவிகளில் சோதித்துப் பிறகு எல்லாவற்றுக்கும் விரிக்கும் ஒழுங்கும் கட்டாயம் என்பதே பாடம். உயிரோடு தொடர்புள்ள கருவியில் இதை எப்படிச் செய்வது என்பதற்கும் முன்மாதிரி உண்டு. அதே மாதம் அமெரிக்காவின் உணவு, மருந்து நிர்வாகம் அந்நாட்டில் இருந்த சுமார் 4 லட்சத்து 65 ஆயிரம் பேஸ்மேக்கர்களுக்கு ஃபர்ம்வேர் திருத்தத்தை அங்கீகரித்தது. அருகிலிருக்கும் ஒருவர் கம்பியில்லாத் தொடர்பு வழியே பேஸ்மேக்கரின் கட்டளைகளை மாற்றக்கூடிய ஓட்டை அதில் இருந்தது. திருத்தத்தைக் காற்று வழியே தானாக ஏற்றவில்லை. நோயாளி மருத்துவரிடம் வர வேண்டும். ஏற்ற சுமார் மூன்று நிமிடம் ஆகும். அந்த நேரத்தில் பேஸ்மேக்கர் பாதுகாப்பு நிலையில் இதயத்தைத் துடிக்க வைக்கும். ஏற்றுவதில் உள்ள சிறு ஆபத்தையும் ஏற்றாமல் விடுவதில் உள்ள ஆபத்தையும் எடைபோட்டு மருத்துவரும் நோயாளியும் முடிவெடுத்தார்கள். இதற்கு நேர்மாறான நிலையும் உண்டு. 2015 ஜூலையில் சார்லி மில்லர், கிறிஸ் வலாசெக் என்ற இரு ஆய்வாளர்கள் ஓடிக்கொண்டிருந்த ஜீப் செரோக்கியை இணையம் வழியே கட்டுப்படுத்திக் காட்டினார்கள். ஜீப்பைத் தயாரித்த ஃபியட் கிரைஸ்லர் 14 லட்சம் வாகனங்களைத் திரும்ப அழைத்தது. இணையம் வழியே தாக்க முடிந்த காருக்கு இணையம் வழியே திருத்தம் அனுப்ப வழி இல்லை. உரிமையாளர்களுக்கு யுஎஸ்பி குச்சியை அஞ்சலில் அனுப்ப வேண்டியதாயிற்று.

திருத்தம் அனுப்பும் அதிகாரம் தயாரிப்பாளர் கையில் போனால், அவர் விரும்பும்போது கருவியையே முடக்கிவிட மாட்டாரா என்ற கவலையும் அடிப்படையற்றதல்ல. ரிவால்வ் என்ற வீட்டுக் கட்டுப்பாட்டுக் கருவி சுமார் 300 டாலருக்கு விற்றது. அதைத் தயாரித்த நிறுவனத்தை 2014இல் நெஸ்ட் என்ற நிறுவனம் வாங்கியது. 2016 மே மாதம் சர்வரை நிறுத்தியதும் கருவிகள் பயனற்றுப்போயின. ஆகவே சட்டம் இரண்டு பக்கமும் வரம்பு போட வேண்டும். பாதுகாப்புத் திருத்தத்தைப் புதிய வசதிகளோடும் விளம்பரங்களோடும் கலந்து திணிக்கக் கூடாது. வாங்கும்போது இருந்த அடிப்படைச் செயல்பாட்டைத் திருத்தத்தின் பெயரால் பறிக்கக் கூடாது. அறிவித்த தேதிக்கு முன் நிறுவனம் கடையை மூடினாலோ சேவையை நிறுத்தினாலோ, மற்றவர்கள் தொடர்ந்து பராமரிக்கத் தேவையான நிரலையும் சாவிகளையும் ஒப்படைக்க வேண்டும். இல்லையென்றால் பணத்தைத் திருப்பித் தர வேண்டும். தேதி முடிந்த பிறகும் இணையம் இல்லாமலேயே செய்யக்கூடிய வேலையைக் கருவி செய்துகொண்டிருக்க வேண்டும்.

இவையெல்லாம் நடைமுறைக்கு வராத கனவுகள் அல்ல. கலிஃபோர்னியாவில் 2020 ஜனவரி 1 முதலே, எல்லாக் கருவிகளுக்கும் ஒரே கடவுச்சொல் வைத்து விற்பதைத் தடுக்கும் சட்டம் அமலில் இருக்கிறது. பிரிட்டனில் 2024 ஏப்ரல் 29 முதல் நடைமுறையில் இருக்கும் சட்டம் மூன்று கடமைகளை விதிக்கிறது: பொதுக் கடவுச்சொல் கூடாது, ஓட்டையைக் கண்டவர் தெரிவிக்க முகவரி வேண்டும், குறைந்தது எந்த நாள்வரை பாதுகாப்புத் திருத்தம் வரும் என்பதை வெளியிட வேண்டும். அது தேதியைச் சொல்லச் சொல்கிறது, ஆனால் எத்தனை ஆண்டு என்று நிர்ணயிக்கவில்லை. ஐரோப்பிய ஒன்றியம் ஒரு படி மேலே சென்றது. 2024 டிசம்பர் 10 அன்று நடைமுறைக்கு வந்த அதன் இணையத் தாங்குதிறன் சட்டம், 2027 டிசம்பர் 11 முதல் முழுமையாகப் பொருந்தும். கருவியின் எதிர்பார்க்கப்படும் ஆயுள் குறைவாக இருந்தாலொழிய, குறைந்தது ஐந்து ஆண்டுகள் ஓட்டைகளை அடைத்துத் தர வேண்டும். மீறினால் ஒன்றரைக் கோடி யூரோ அல்லது உலகளாவிய வருவாயில் 2.5 சதவீதம், இதில் எது அதிகமோ அதுவரை அபராதம் விதிக்கலாம். அங்கே விற்க விரும்பும் எந்த நாட்டுத் தயாரிப்பாளரும் இதற்குக் கட்டுப்பட வேண்டும். ஸ்ரீபெரும்புதூரிலும் ஓசூரிலும் தயாராகி ஐரோப்பாவுக்குப் போகும் இணையக் கருவிக்கும் இதே விதிதான். அயல்நாட்டு வாடிக்கையாளருக்கு ஐந்து ஆண்டுப் பாதுகாப்பு, உள்ளூர் வாடிக்கையாளருக்கு ஒன்றுமில்லை என்ற நிலையை நம் அரசு ஏற்றுக்கொள்ளக் கூடாது.

இந்தியா ஒன்றுமே செய்யவில்லை என்று சொல்வது நியாயமாகாது. கண்காணிப்பு கேமராக்கள் கட்டாயப் பாதுகாப்புச் சோதனைக்கு உட்பட வேண்டும் என்று 2024 ஏப்ரலில் அறிவித்து, 2025 ஏப்ரல் 9 முதல் அமல்படுத்தியது மத்திய அரசு. தொலைத்தொடர்புப் பொறியியல் மையம் 2021இலேயே நுகர்வோர் இணையக் கருவிகளுக்கான நடைமுறைக் கோவையை வெளியிட்டது. பொதுக் கடவுச்சொல் கூடாது, மென்பொருளைப் புதுப்பித்துவர வேண்டும் என்பவை அதில் இருக்கின்றன. சைபர் சம்பவங்களை ஆறு மணி நேரத்துக்குள் தெரிவிக்க வேண்டும் என்று நாட்டின் கணினி அவசர நடவடிக்கைக் குழுவான செர்ட்-இன் 2022 ஏப்ரலில் உத்தரவிட்டது. ஆனால் கேமரா விதி ஒருவகைக் கருவிக்கு மட்டுமானது. அதன் வலிமை விற்பனைக்கு முந்தைய சோதனையில் இருக்கிறது. ஓட்டைகளோ பெரும்பாலும் சோதனைக்குப் பிறகே தெரியவருகின்றன. 2021ஆம் ஆண்டுக் கோவை வழிகாட்டுதல்தான், சட்டமல்ல. ஆறு மணி நேர உத்தரவு செய்தி சொல்ல வைக்கிறது. திருத்தம் கொடுக்க வைப்பதில்லை. இதற்கிடையே நாடெங்கும் 25 கோடி ஸ்மார்ட் மீட்டர்களைப் பொருத்தும் இலக்கோடு வேலை நடக்கிறது. ஸ்மார்ட் மீட்டர் கணக்கெடுப்பதோடு நிற்பதில்லை. மின் இணைப்பைத் தொலைவிலிருந்தே துண்டிக்கவும் இணைக்கவும் கூடியது. சுவரில் ஏறியபின் பல ஆண்டுகள் அங்கேயே இருக்கப்போகும் அந்தக் கருவியின் மென்பொருளை, அதன் ஆயுள் முழுதும் யார் திருத்தித் தருவார் என்பதை ஒவ்வொரு ஒப்பந்தமும் தெளிவாகச் சொல்ல வேண்டும். பொருத்திய பிறகு கேட்பதற்கு அங்கே இடமில்லை.

செய்ய வேண்டியவை தெளிவாக இருக்கின்றன. பொட்டலப் பொருள்கள் மீது விலையும் தயாரித்த மாதமும் தயாரிப்பாளர் முகவரியும் அச்சிட வேண்டும் என்று சட்டமுறை எடையளவு விதிகள் 2011 முதல் கட்டாயப்படுத்துகின்றன. இணையத்தோடு இணையும் கருவிகளுக்கு அதே இடத்தில் இன்னொரு வரியைச் சேர்க்க வேண்டும்: மென்பொருள் பாதுகாப்புத் திருத்தம் எந்த நாள்வரை. அந்தத் தேதியைக் காப்பாற்றும் பொறுப்பு இந்தியாவில் விற்கும் நிறுவனத்தையோ இறக்குமதியாளரையோ சேர வேண்டும். சங்கிலியில் பின்னால் இருப்பவரைக் காட்டித் தப்பிக்க முடியாது. 2021ஆம் ஆண்டுக் கோவையைச் சட்ட விதியாக்கி, ஆயுள் ஐந்து ஆண்டுக்கு மேற்பட்ட கருவிகளுக்குக் குறைந்தது ஐந்து ஆண்டுத் திருத்தத்தைக் கட்டாயமாக்க வேண்டும். உட்கூறுப் பட்டியலைத் தயாரிப்பாளர் பராமரித்து, ஒழுங்குமுறை அமைப்பு கேட்கும்போது தர வேண்டும். நல்லெண்ணத்தோடு ஓட்டையைக் கண்டு சொல்லும் ஆய்வாளருக்கு வழக்கு மிரட்டலிலிருந்து சட்டப் பாதுகாப்பு வேண்டும். அரசுக் கொள்முதலில் இவற்றை இன்றே நிபந்தனையாக்கலாம்; அதற்குப் புதிய சட்டம்கூடத் தேவையில்லை.

கல்விக்கும் இதில் பங்கு உண்டு. சென்னை ஐஐடி சக்தி என்ற சொந்தச் செயலியை வடிவமைத்திருக்கிறது. தமிழ்நாட்டின் மின்னணுத் தொழிற்சாலைகள் பெருகுகின்றன. இவை பெருமைக்குரியவை. ஆனால் நம் நாட்டில் செய்த சிப்பும் திருத்தப்படாத மென்பொருளை ஓட்டினால் பாதுகாப்பற்றதுதான். மைக்ரோகன்ட்ரோலரில் விளக்கை எரியவிடும் பயிற்சியோடு பாடம் முடிந்துவிடக் கூடாது. கையொப்பமிட்ட திருத்தத்தை அனுப்புவது, தோற்றால் பழையதற்குத் திரும்புவது, ஐந்து ஆண்டுக்கு முந்தைய நிரலை மறுபடி உருவாக்குவது ஆகியவற்றை நம் பொறியியல் மாணவர்கள் செய்து பழக வேண்டும். புதிதாக ஒன்றைச் செய்பவருக்குக் கிடைக்கும் மதிப்பு, செய்ததைப் பல ஆண்டு பராமரிப்பவருக்கும் கிடைக்க வேண்டும்.

சட்டம் வரும்வரை வாசகர்கள் காத்திருக்க வேண்டியதில்லை. அடுத்த முறை ரவுட்டரோ கேமராவோ டிவி பெட்டியோ வாங்கும்போது, இதற்கு எந்த ஆண்டுவரை மென்பொருள் திருத்தம் வரும் என்று கடைக்காரரிடம் கேளுங்கள். பதில் இல்லாத பொருளை, விலை எவ்வளவு குறைவாக இருந்தாலும், வாங்காதீர்கள். மத்திய அரசு அந்தப் பதிலைப் பெட்டியில் அச்சிட வைக்க வேண்டும். 25 கோடி மீட்டர்களும் சுவரேறி முடிவதற்குள் அதைச் செய்ய வேண்டும்.